இத்தாவில் தைத்த சீட்

மேலப்பாளையம்
28-11-1963

அன்புத் தங்கை அக்தர் பானுவுக்கு, காக்கா முகம்மது ஹனீபின் சலாம்.

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். ரயிலில் வழியெல்லாம் மச்சான் நினைப்புத்தான். இரும்பு மாதிரி இருந்த கரீம் பாட்சா ஒரு காய்ச்சலில் மவுத்தாவார் என்று யார் கண்டது? நான் பம்பாய் வந்து இறங்குவதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. அந்த முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் எனக்குப் போகாது.

இத்தா முடிகிற மட்டும் புருஷன் வீட்டை விட்டு நீ வரக்கூடாது என்பது மார்க்கம். அதனால்தான் உன்னை தாராவியில் தனியாக விட்டு வந்தேன், மனம் ஒப்பி அல்ல. நாலு மாதம் பத்து நாள் முடிந்ததும் நானே வந்து கூட்டிக்கொண்டு வருவேன். அதற்குள் ஷெட்டைக் காலி செய்யும் வேலையை மெக்கானிக் சொரிமுத்துவிடம் ஒப்படைத்துவிடு. தையல் மெஷின், ரெக்ஸின் சுருள், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கேட்கிறவனுக்குக் கொடுக்கச் சொல். பிள்ளை குட்டி இல்லாத நீ அங்கே யாருக்காகக் கார் சீட் தைக்கப் போகிறாய்?

இன்னொன்று. செம்பூரில் வேங்கடசுப்ரமணியன் என்ற ஐயர் வீட்டில் ஏதோ பழைய அமெரிக்கக் கார் கிடக்கிறதாம். அதை எடுத்துச் சரி செய்வதாக மச்சான் சொல்லி வைத்திருந்தாராம். சொரிமுத்து என்னிடம் கேட்டார். ஆளே போன பிறகு கார் எதற்கு? வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடு.

வேளைக்குச் சாப்பிடு. அழுதுகொண்டே இருக்காதே.

உன் காக்கா,
ஹனீப்

———

தாராவி
9-12-1963

காக்கா அவர்களுக்கு பானுவின் சலாம்.

காரை வேண்டாம் என்று சொல்லி அனுப்பச் சொன்னீர்கள். உங்கள் கடிதத்துக்கு முன்பே கார் வந்துவிட்டது. லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி, செம்பூரிலிருந்து சயான் வழியாக இழுத்து வந்தார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சொரிமுத்து அண்ணன் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து வந்தாராம், சீட் இருந்தால்தானே. எங்கள் சந்துக்குள் வண்டி நுழைந்ததும் "பங்கார்! பங்கார்!" என்று ஊரே கூவியது இத்தாவுக்காக வாசலில் கட்டிய திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. பழைய இரும்புக்கு இங்கே அப்படித்தான் பெயர். எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

பிளிமத் வண்டி, நாற்பத்தெட்டாம் வருஷத்தது. மேல்கூரை கித்தான் துணி, வேண்டும்போது மடித்துக்கொள்ளலாம். ஐயர் வீட்டில் பியட் வாங்கியதும் இதைப் பாதாம் மரத்தடியில் தள்ளிவிட்டு மறந்துவிட்டார்கள். அங்கே செடி வைக்க இடம் வேண்டும், இழுத்துக்கொண்டு போனால் போதும் என்று அந்த வீட்டு ஷ்யாமளா அம்மாள் சொல்லிவிட்டார்கள்.

போன வருஷம் உங்கள் மச்சான் அதைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை விரட்டாமல் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஸ்பிரிங் குத்தியது. ஆனாலும் அந்த அகலம்! எங்கள் கட்டில் அதற்குள் அடங்கிவிடும். அவர் கூரைச் சட்டத்தைத் தூக்கிக் காட்டி, "இதுக்கு நீ தச்சா பம்பாயே திரும்பிப் பாக்கும்ட்டி" என்றார்.

அந்த ஒரு பேச்சுக்காக நான் மயங்கவில்லை, காக்கா. யோசித்துத்தான் எழுதுகிறேன். சொரிமுத்து அண்ணன் ஒரு பகல் பூராவும் வண்டிக்கு அடியில் கிடந்து பார்த்துவிட்டு, திரைக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தரைத் தகடு சல்லடை. வயரெல்லாம் எலி தின்றாயிற்று. எஞ்சின் இறுகிக் கிடக்கிறது. ரேடியேட்டரில் குளவிக் கூடு.

"நல்லது ஏதாச்சும் இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"சட்டம் இருக்கு தங்கச்சி. அடியில ஓடுத சட்டம் பூராவும் நல்ல இரும்பு, தட்டினா கணீர்னு கேக்கு. எஞ்சினும் பார்கோ லாரி எஞ்சினும் அண்ணந்தம்பிதான். குர்லாவுல பழைய லாரிச் சாமானா பாத்து வாங்கிப் போட்டுரலாம். தரைக்கு எண்ணெ டிரம்மை வெட்டி ஒட்டிருவேன். சீட்டும் கூரையும் ஒம்பாடு."

என் பாடு என்றால் எனக்குச் சம்மதம். அந்த ஷெட்டிலிருந்து இதுவரை போன சீட்டெல்லாம் வெட்டினது உங்கள் மச்சான், தைத்தது நான். ஊருக்கு அது தெரியாது, உங்களுக்குமா தெரியாது? இப்போது ஷெட்டுக்கு ஆளுக்கு ஆள் கண் வைத்திருக்கிறார்கள். பெண்பிள்ளையால் என்ன ஆகும் என்று வாடகை வாங்குகிற ஷெட்டுக்காரர் என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். வாயால் பதில் சொல்லிப் பயன் இல்லை. இந்த வண்டி ஷெட்டு வாசலில் ஓடுகிற வண்டியாக நிற்க வேண்டும். அது ஓடினால் நான் இங்கேயே இருப்பேன். ஓடாவிட்டால் நீங்கள் கூப்பிடுகிற ரயிலில் வாயை மூடிக்கொண்டு ஏறுவேன்.

தங்கை,
பானு

———

மேலப்பாளையம்
22-12-1963

பானுவுக்கு,

உன் கடிதத்தை வீட்டில் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அவ்வளவு திமிராக இருக்கிறது.

அமெரிக்கக் கார் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று தெரியுமா? பெட்ரோல் பங்கையும் சேர்த்துக் கட்டி இழுக்க வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் இதே மாதிரி கப்பல் ஒன்று இருக்கிறது. கண்ணாடி ஒன்று உடைந்ததற்கு மெட்ராஸ், கல்கத்தா எல்லாம் ஆள் அனுப்பித் தேடிவிட்டு, இப்போது அட்டையை வைத்து அடைத்திருக்கிறார். வெளிநாட்டு வண்டி வருவதைத்தான் சர்க்கார் நிறுத்திவிட்டதே. நீ நேரே அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதுவாயோ?

இத்தாவில் இருக்கிற பெண்பிள்ளை ஓதுவாள், தஸ்பீஹ் உருட்டுவாள், போனவருக்காக துஆ கேட்பாள். நீ ஸ்பிரிங் கட்டுகிறாய். இத்தாவில் தைத்த சீட்டில் எந்த மகராசன் வந்து உட்காருவான்? புருஷனைத் தின்றவள் கை பட்ட சாமான் ஆகாது என்று சொல்ல மாட்டார்களா? நான் சொல்லவில்லை, உலகம் சொல்லும். உலகத்தைப் பார்த்தவன் சொல்கிறேன், கேள்.

பீடி இலைக் கடையில் இப்போது வேலை அதிகம். இல்லாவிட்டால் நேரிலேயே வந்திருப்பேன்.

ஹனீப்

———

தாராவி
10-1-1964

காக்கா அவர்களுக்கு,

திட்டி எழுதினாலும் கடிதம் போடுகிறீர்களே, அதற்கு சலாம்.

எஞ்சின் அசைந்துவிட்டது! சொரிமுத்து அண்ணன் பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி ஊறப் போட்டார். பிறகு கியரில் போட்டு, சந்து ஆட்கள் எல்லாரும் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினார்கள். ஏலேலோ பாடாத குறை. திடீரென்று வெளியே ஒரே சத்தம். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பயந்து திரைக்கிட்டே ஓடினேன். அண்ணன் பெண்சாதி முப்பிடாதி மைனி உள்ளே ஓடிவந்து, "சுத்திட்டு பானு! உள்ள இருக்கது சுத்திட்டு!" என்று என்னைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். மவுத் வீடு என்பதையே இரண்டு பேரும் மறந்துவிட்டோம். அந்த நாளுக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

சீட் வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. பின் சீட் சட்டம் வாசலில் நுழையவில்லை, கதவைக் கழற்றித்தான் உள்ளே வாங்கினோம். பழைய தென்னைநாரை உதறினேன், கோழி முடியும் முட்டைத் தோடும் கொட்டின. ஸ்பிரிங் எல்லாம் புதிதாகக் கட்டி, புது நார் அடைத்து, மெரூன் ரெக்ஸின் போடுகிறேன். நீங்கள் சொன்ன தஸ்பீஹும் நடக்கிறது. வாய் ஓதும், கை தைக்கும், இரண்டுக்கும் சண்டை இல்லை.

யார் உட்காருவான் என்று கேட்டிருக்கிறீர்கள். இடுப்பு வலிக்கிறவன் எவனும் உட்காருவான். நோன்பு வருவதற்குள் கூரைக்குக் கித்தானை வெட்டிவிட வேண்டும்.

பானு

———

மேலப்பாளையம்
3-2-1964

பானு,

நோன்புக்கு ஊர் வந்த ஒரு தாராவிக்காரர், தராவீஹ் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் அத்தனை பேர் முன்னாலும் என்னிடம் விசாரித்தார். என்னவென்று தெரியுமா? "ஒங்க தங்கச்சி இத்தாவுல இருக்கதா சொன்னாங்க, ஷெட்டுல கார் மேல ஏறி நின்னு துணிய இழுத்துக்கிட்டு இருக்காங்களே, இத்தா முடிஞ்சிட்டா?" என்று. நோன்பு மாதத்தில் ஊருக்கு முன்னால் தலை குனிந்து நின்றேன்.

வாப்பா இருந்தால் இப்படிச் செய்வாயா? வீட்டுக்குள் இருந்து தைக்கிறேன் என்றாய், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். இப்போது தெருவுக்கே வந்துவிட்டாய்.

முடிவாகச் சொல்கிறேன். தென்காசியில் ஹமீது என்று ஒருவர், பெண்சாதி மவுத்தாகி இரண்டு வருஷமாகிறது, சொந்தமாக ஜவுளிக்கடை. நல்ல மனிதர், குரலே உயராது. அவர் வீட்டில் பேசிவிட்டேன். இத்தா முடிகிற வாரம் நான் பம்பாய் வருகிறேன். திரும்புகிற ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுப்பேன். அந்தக் காரை என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது.

ஹனீப்

———

தாராவி
12-2-1964

காக்கா அவர்களுக்கு,

அந்தத் தாராவிக்காரர் சொன்னது உண்மை. கார் மேல் ஏறி நின்றது நான்தான். புர்காவோடுதான் நின்றேன், அதையும் அவர் சொல்லியிருக்கலாம்.

ஏன் போனேன் என்று கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை, நானே சொல்கிறேன். கூரைக்கு அளவு வேண்டியிருந்தது. சொரிமுத்து அண்ணன் சாமான் தேடிக் குர்லா போயிருந்தார். முப்பிடாதி மைனிக்கு டேப்பில் நம்பர் படிக்க வராது. அதனால் புதுப் பாவாடை நாடா ஒன்றை எடுத்துப் போய், சட்டத்தின் மேல் முன்னிருந்து பின்னாக இழுத்துப் பிடித்து, முடிச்சுப் போட்டுக் கொண்டு வந்தாள். நானும் அவசரத்தில் அந்த முடிச்சை நம்பிக் கித்தானை வெட்டித் தைத்துவிட்டேன். மைனி பலம் உங்களுக்குத் தெரியாது. அவள் இழுத்த இழுப்பில் நாடா நீண்டிருக்கிறது, என் கைக்கு வரும்போது சுருங்கிவிட்டது. கூரையைக் கொண்டு போய்ப் போட்டால் பின்னால் ஒரு சாண் குறைகிறது. மைனி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன, பாவாடை நாடா நீளும் என்று தையல்காரிக்குத் தெரிய வேண்டாமா?

அவ்வளவு கித்தானும் பாழாகிவிடும் போலிருந்தது. இனி யாரை அனுப்பி எதனால் அளக்க? அப்போதுதான் நானே போவது என்று முடிவு செய்தேன். ஆனால் உங்களைப் போல எனக்கும் மார்க்கத்துக்குப் பயம் உண்டு. மாஹிம் பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டு நூர் நிஷா லாத்தாவிடம் கேட்டு அனுப்பினேன். ஹஜ்ரத் கிதாப் பார்த்துச் சொன்ன பதில் இது: புருஷனை இழந்தவள் பிழைப்புக்காகப் பகலில் வெளியே போகலாம், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். நான் சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்பே திரும்பிவிட்டேன். இதையும் பள்ளிவாசலில் எல்லார் முன்னாலும் நீங்கள் சொல்ல வேண்டும். தலை குனிந்த அதே இடத்தில் நின்று சொல்லுங்கள்.

குறைந்த ஒரு சாணுக்கு லாரி படுதாவில் ஒரு பட்டை வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறேன். கூரை வெள்ளை, பட்டை கறுப்பு. பார்த்தால் தெரியும். தெரியட்டும்.

ஹமீது என்பவர் நல்லவராகவே இருக்கட்டும். நல்லவர் என்பதற்காகக் கல்யாணம் செய்வது என்றால் இந்தச் சந்தில் பாதிப் பேரைச் செய்ய வேண்டும். அவருடைய கடையில் எனக்கு என்ன வேலை? துணியை மடித்து மடித்து அடுக்குவேனா? எனக்கு உங்கள் மச்சான் போன துக்கம் இருக்கிறது, காக்கா. ராத்திரி கை நீட்டினால் பாய் காலியாக இருக்கிறது. அந்தத் துக்கத்தை வைத்துக்கொண்டு இங்கே வேலை செய்ய முடிகிறது. அங்கே வந்தால் துக்கம் மட்டும்தான் இருக்கும்.

சொரிமுத்து அண்ணன் மகள் கோமதிக்கு மாசி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். மாட்டுங்கா கோயிலில் தாலி கட்டி, பெண் மாப்பிள்ளை தாராவிக்கு நம் பிளிமத்தில் ஊர்வலம் வருகிறார்கள். வண்டி சபைக்கு வருகிற முதல் நாள் அது. அதற்குள் இத்தாவும் முடிந்துவிடும். டிக்கெட்டை அதற்கு மறுநாளாக எடுங்கள். பார்த்துவிட்டுப் பேசுவோம்.

பெருநாள் சலாம் எல்லாருக்கும்.

பானு

———

தாராவி
20-3-1964

காக்கா அவர்களுக்கு,

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரயில் ஏறிவிட்டீர்கள். காலையில் எழுந்து பார்த்தால் எனக்கு எடுத்த டிக்கெட் மட்டும் தையல் மெஷின் மேல் இருக்கிறது. கோபமா, வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

கோமதி கல்யாணத்தன்று நான் கோயில் பக்கம் கூட்டத்துக்குப் பின்னால், நூர் நிஷா லாத்தாவோடு நின்றிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை காரில் ஏறப் போகும்போது, அவருடைய பெரியப்பா பூதத்தான் குறுக்கே கையை நீட்டி, "தாலியத்தவ தச்ச சீட்டாம்லா! இதுல எங்க வீட்டுப் புள்ள உக்கார மாட்டான்" என்றார். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று, காக்காவோடு ரயில் ஏற வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது நீங்கள் அவர் சட்டையைப் பிடித்தீர்கள். "எந் தங்கச்சி கை பட்டது ஆகாதுன்னா நடந்து போவே! அவ கையால தச்சதுல உக்கார ஒங்க வீட்டுக்குக் குடுத்து வச்சிருக்கணும்வே!" மாட்டுங்கா மாமிகள் எல்லாம் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். நீங்கள் முன் சீட்டில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். முப்பிடாதி மைனி கோமதியைப் பிடித்துப் பின் சீட்டில் ஏற்றினாள். "எம் பொண்ணு ஏறிட்டா. மாப்பிள வேணும்னா பெரியப்பா கூட நடந்து வரட்டும்" என்றாள். மாப்பிள்ளை பெரியப்பாவைப் பார்த்தான், கோமதியைப் பார்த்தான், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டான்.

நல்லது. இப்போது ஒன்று கேட்கிறேன். பூதத்தான் சொன்ன அந்தப் பேச்சு நீங்கள் டிசம்பரில் எனக்கு எழுதினதுதானே? அவராவது தாலி அறுத்தவள் என்றார், நீங்கள் புருஷனைத் தின்றவள் என்று எழுதினீர்கள். அவர் சட்டையைப் பிடித்தீர்கள், சரி. உங்கள் சட்டையை யார் பிடிப்பது?

அன்றைக்கு நான் அழுதேன். பூதத்தானுக்காக இல்லை. நீங்கள் அந்த சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அதற்காக.

டிக்கெட்டை ரயில்வேயில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பானு

———

மேலப்பாளையம்
2-4-1964

தங்கை பானுவுக்கு சலாம்.

சட்டையைப் பிடித்தது தப்பு. அந்த ஆள் மறுபடி சொன்னால் மறுபடியும் பிடிப்பேன். டிசம்பர் கடிதத்தைக் கிழித்துப் போடு, அதைப் பற்றி இனிமேல் எழுதாதே.

ரயில் தாதர் தாண்டும்போதே உன்னிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

தென்காசிக்குப் போய் ஹமீது வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். "அவளுக்கு பம்பாய்ல ஜோலி கெடக்கு" என்றேன். பள்ளிவாசலிலும் ஹஜ்ரத் சொன்னதைச் சொல்லியாயிற்று. வண்டி குலுங்காமல் போனது என்பதையும் நாலு பேரிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும்.

நீ இவ்வளவு பிடிவாதம் பிடித்து ஜெயித்தாய். எனக்காக ஒரே ஒரு பேச்சுக் கேள். ஷெட்டில் மச்சான் பெயர் போட்ட போர்டு அழிந்து கிடப்பதைப் பார்த்தேன். அதை மாற்றி "முகம்மது ஹனீப், கார் சீட் வேலை" என்று எழுதச் சொல். நான் அங்கே இருக்கப் போவதில்லை, உன் வேலையில் தலையிடவும் மாட்டேன். ஒரு ஆம்பிளைப் பெயர் வாசலில் இருந்தால் எவனும் வாலாட்ட மாட்டான். ஷெட்டு வாடகை எழுத்தும் என் பெயரில் இருப்பது நல்லது. உன் பாதுகாப்புக்குத்தான் சொல்கிறேன், வேறு எதற்கும் இல்லை.

உன் காக்கா,
ஹனீப்

———

தாராவி
11-4-1964

என் காக்காவுக்கு பானுவின் அன்பான சலாம்.

உங்களை எனக்கு எப்போதும் பிடிக்கும், இப்போது கொஞ்சம் கூடவே பிடிக்கிறது. அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஊர்வலம் தாராவிக்குள் வந்ததை ஷெட்டுக்காரர் தம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தாராம். மறுவாரம் அவரே வந்து, ஷெட்டு வாடகை எழுத்தை என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு மெதுவாக, தம் மகன் கல்யாணத்துக்கும் பிளிமத் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். தாணேயிலிருந்து ஒருவர் தம் பழைய டாட்ஜ் வண்டிக்குக் கூரை தைக்கக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நம் வண்டியின் கறுப்புப் பட்டையைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி வேண்டும் என்கிறார். அது அளவு தப்பிப் போட்ட ஒட்டு என்று சொன்னேன், நம்ப மாட்டேன் என்கிறார். சொரிமுத்து அண்ணனுக்கு மூச்சு விட நேரமில்லை. இனிமேல் கூரை அளவுக்கு நானே ஏறுகிறேன், மைனி கீழே நின்று ஏணியைப் பிடிக்கிறாள்.

பெயர் விஷயம். நீங்கள் என் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மச்சான் இருந்த வரைக்கும் அவர் பெயருக்குப் பின்னால் இருந்து தைத்தேன். அது அவர்மேல் இருந்த பிரியம், குறையாக நினைத்ததே இல்லை. இனிமேல் யார் பெயருக்குப் பின்னாலும் உட்கார முடியாது, காக்கா. உங்கள் பெயருக்குப் பின்னால்கூட. வாலாட்டுகிறவன் வரட்டும், என்னிடம் கித்தான் வெட்டுகிற கத்தரி இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்தபோது பெயிண்டர் ஏணி மேல் நின்று "அக்தர் பானு" என்று சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை அங்கேயே நின்று கடைசி வரை படித்தேன். படித்துவிட்டு, எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னேன்.

உங்கள் தங்கை,
அக்தர் பானு